டெம்பிள் பார்: இரு கண்கள் கண்ட வாயில்

இலண்டன் நகரெல்லையில், ஃபிளீட் தெருவின் குறுக்கே நின்ற டெம்பிள் பார் வாயில் 1672இல் நிறைவுற்றது. போக்குவரத்திற்கு இடையூறென 1878இல் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. அதற்கு முன்பே ஸ்டீரியோஸ்கோப் என்னும் இருகண் கருவிக்கென அதனை இரட்டைப் படங்களாக எடுத்திருந்தனர். தொடக்கத்தில் ஒரே படக்கருவியைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி இருமுறை பிடிப்பதும் வழக்கம். இடையில் நகர்ந்துவிட்ட வண்டியை ஒரு கண் காணும், மறுகண் காணாது. அசையாத கல்லே இரு கண்ணுக்கும் இசைந்து ஆழம் கொள்ளும். இரு படமும் முற்றும் ஒன்றாயின் ஆழமில்லை. சிறு வேறுபாடு வேண்டும். உவமைக்கும் பொருளுக்கும் இடையிலும் அப்படித்தானே! செல்வரொருவரின் பூங்காவில் நெடுங்காலம் கிடந்த வாயில், 2004இல் தூய பவுல் பேராலயத்தருகே மீண்டும் எழுந்தது. கல் திரும்பியது, அதன் வளைவினூடே விரிந்த பழைய தெருவின் ஆழத்தை இன்றும் அவ்விரட்டைப் படங்களே காட்டுகின்றன.