சமையல் மேடையும் பிளக் பாயிண்டும்



உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நாம், வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வசதியை விசாரிக்கிறோம். பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்று கேட்கிறோம். சமையலறையில் பிளக் பாயிண்டுகள் எத்தனை, அவை எங்கே அமைந்துள்ளன என்று பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தச் சிறு பொருளைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்து வந்த வேலையை இந்நாளில் மிக்ஸியும் கிரைண்டரும் செய்கின்றன. நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் இவ்விரண்டும் நம்முடன் வந்துவிடுகின்றன. கிரைண்டரோ நீருடன் புழங்கும் கருவி. மாவைத் தள்ளிவிடும் கை ஈரம், மேடை ஈரம், பல வேளைகளில் தரையும் ஈரம், காலில் செருப்பும் இராது. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே சமையலறையில் பிளக் பாயிண்டு அமையும் இடம் வெறும் சௌகரியத்தைப் பொறுத்ததன்று; உயிரைப் பொறுத்தது.

இந்த இடத்தை அங்குலக் கணக்கில் வரையறுத்திருக்கிறது அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு. 1897-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த அத்தொகுப்பு, இப்போது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகிறது. சுவரோரச் சமையல் மேடையில் எந்த இடத்தில் கருவியை வைத்தாலும், பக்கவாட்டில் 24 அங்குலத்துக்குள் ஒரு பிளக் பாயிண்டு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதாவது, ஒரு பாயிண்டுக்கும் அடுத்த பாயிண்டுக்கும் நடுவே நான்கு அடிக்கு மேல் இடைவெளி கூடாது.

ஏன் இந்த 24 அங்குலம்? அங்கே மேடைமேல் வைக்கும் சிறு கருவிகளின் ஒயர் ஏறக்குறைய இரண்டு அடி நீளமே உடையது. பாயிண்டு அதற்கு அப்பால் இருந்தால் மக்கள் எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தேடுவர். அந்த ஒயர் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகவும் அடுப்பின் அருகாகவும் செல்லும்; ஒருநாள் நனையும் அல்லது கருகும். அதைத் தடுப்பதே விதியின் உட்கருத்து.

மேடைக்குரிய பாயிண்டு மேடைக்கு மேல் 20 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. மேடையின் விளிம்புக்குக் கீழே அதனை அமைப்பதை 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்கவில்லை. கீழே தொங்கும் ஒயரைத் தவழும் குழந்தை பற்றி இழுத்தால், கொதிக்கும் பாத்திரம் அதன் தலைமேல் விழும் அல்லவா?

இந்த அங்குலக் கணக்கு நம் நாட்டுச் சட்டமன்று. எனினும் அதன் காரணம் நமக்கும் பொருந்தும். அங்கே வீட்டு பிளக் பாயிண்டுகளில் வரும் மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். ஆகவே நமக்கு எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும்.

நம் நாட்டில் பிளக் பாயிண்டுகள் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகைப்படும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயிண்டு தாங்குவது 1,380 வாட். 750 வாட் மிக்ஸிக்கு அது போதும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்போ ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதனை 16 ஆம்பியர் பாயிண்டில்தான் செருக வேண்டும். ஒரே பாயிண்டில் பலவற்றைச் சேர்த்து மாட்டினால் ஒயர் சுவருக்குள்ளேயே சூடேறும்.

மூன்று முள் பிளக்கில் பெரிதாக உள்ள முள் எர்த்துக்கு உரியது. துளையில் நுழையவில்லை என்று அதனை ஒடித்துவிடுவது, காவற்காரனை நாமே வெளியே அனுப்புவதாகும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பர். அது மின்சுமை மிகுந்தால் நிறுத்தும்; ஒயரைக் காக்கும். மனித உடலிலோ, ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். அவ்வளவு சிறிய ஓட்டத்தை எம்.சி.பி. அறியாது. அறியக்கூடியது ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். சென்ற மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும்; வேறுபாடு கண்டால் கண்ணிமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் சமையலறையில் சற்று நில்லுங்கள். கிரைண்டர் எங்கே, மிக்ஸி எங்கே என்று மனத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றின் ஒயர் தொட்டியையும் அடுப்பையும் கடவாமல் பாயிண்டை எட்டுமா? எர்த் இணைப்பு உண்டா? ஆர்.சி.சி.பி. உண்டா? குறையிருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஒரு பாயிண்டு கூட்டித் தரும்படி வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். குடியேறிய பின் கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது. மாதாமாதம் வாடகை கொடுப்பவர்க்கு, அச்சமின்றி மாவரைக்கும் உரிமையும் உண்டு.