தீராத நோயும் நமது கடமையும்

(நெசவாளர் பெரியவர் ஒருவரின் படத்திறப்பில் பேசியது)



இன்று நாம் இங்கு கூடியிருப்பது கருமாதி செய்வதற்கல்ல; கருமாதிச் சோறு சாப்பிடுவதற்குமல்ல. பதினோரு மாதம் வாய்ப் புற்றுநோயில் கிடந்து சென்ற மாதம் இறந்துபோன நமது பெரியவரின் படத்தைத் திறந்து வைத்து, நாலு வார்த்தை பேசுவதற்காகவே கூடியிருக்கிறோம். இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசுகிறவர்கள் இறந்தவரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவது வழக்கம். பெரியவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. ஆகவே, அந்தப் பதினோரு மாதத்தில் இக்குடும்பம் பட்ட பாட்டையும், அதில் நாம் செய்த ஒரு தப்பையும், மற்றக் குடும்பங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லலாமென்று நினைக்கிறோம். வீட்டாருடைய சம்மதத்தின் பேரிலேயே சொல்லுகிறோம்.

பெரியவர் குழித்தறி நெய்தவர். காலில் மிதி, கையில் நாடா, கன்னத்தில் பொயிலை - நாற்பது வருஷம் இதுதான் அவருடைய வாழ்வு. முதலில் கன்னத்தின் உள்புறம் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. பிறகு அது ஆறாத புண்ணாயிற்று. சூட்டுப் புண் என்றார்கள், பல் குத்தின புண் என்றார்கள், வேர் கட்டினார்கள். வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு வைக்க முடியாமற்போன பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனிக் குணப்படுத்த முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "சாமியைத் திட்டின வாயல்லவா, அதனால்தான் வாயிலேயே வந்தது" என்றார்கள். சரி தோழர்களே, அப்படியே வைத்துக்கொள்வோம். சாமியைப் பாடின வாய்க்குப் புற்றுநோய் வருவதில்லையா? பஜனை செய்கிறவருக்கு வரவில்லையா? இரண்டு வயதுக் குழந்தைக்கு ரத்தத்தில் புற்றுநோய் வருகிறதே, அது எந்தச் சாமியைத் திட்டிற்று? இப்படிக் கேட்டால் உடனே "பூர்வ ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். கண்ணால் கண்ட ஜென்மத்தில் காரணம் சொல்ல முடியாதவன், காணாத ஜென்மத்துக்கு ஓடுகிறான் என்பதைத் தவிர இதில் வேறு அர்த்தமென்ன?

காரணம் நமது மடியிலேயே இருக்கிறது. பொயிலை புற்றுநோயை உண்டாக்கும். அதோடு போடுகிற பாக்கும், பொயிலை இல்லாமலே, அந்த நோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004ல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாக்கைத்தான் நாம் தாம்பூலம் என்று சாமி முன்னும் வைக்கிறோம், சம்பந்திக்கும் கொடுக்கிறோம். பாக்கு யாரையும் ஆஸ்திகனா, நாஸ்திகனா என்று விசாரிப்பதில்லை. மூன்று வாரமாகியும் வாய்ப்புண் ஆறவில்லையென்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவருக்கு இதை ஒருவரும் உரிய காலத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது சொல்லியாகிவிட்டது.

அடுத்தது பணம். குணமாகாது என்று தெரிந்த வீட்டைத் தேடி எத்தனை கழுகுகள் வருகின்றன! ஜோசியன் ஒருவன் வந்தான். கிரக சாந்தி என்றான். மற்றொருவன் பொடி கொண்டுவந்தான். நாற்பத்தெட்டு நாளில் புற்று உதிர்ந்துவிடும் என்றான். மந்திரவாதிதான் ஏமாற்றுவான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியார், பலன் இருக்குமென்று எங்கும் உறுதி சொல்லாமலே, மகளின் தோடும் வளையலும் விற்ற பணத்தை மூன்று வாரத்தில் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டவன் சொன்னாலும், காவி கட்டியவன் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: "இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? எத்தனை நாள்? எவ்வளவு உபத்திரவம்? எவ்வளவு செலவு?" இதைக் கேட்பது அன்பில்லாமையல்ல. கேட்காமல் வீட்டை அடமானம் வைப்பதும் அன்பல்ல.

இனி நமது தப்பைச் சொல்லுகிறோம். பெரியவருக்கு நோயின் உண்மையைச் சொல்ல வேண்டாமென்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். நாமும் ஒப்புக்கொண்டோம். போகும்போதெல்லாம் "சாதாரணப் புண்தான் அய்யா, தை மாதம் தறியில் உட்கார்ந்துவிடுவீர்கள்" என்று சொல்லிவந்தோம். ஒரு நாள் நாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில், பேச முடியாத அவர் பேரனுடைய சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினார்: "தம்பி, ஊருக்கெல்லாம் உண்மை பேசுகிறாய். எனக்கு மட்டும் ஏன் பொய்?"

தோழர்களே! இருபது வருஷமாக மேடை ஏறியும் அந்தச் சிலேட்டுக்குப் பதில் சொல்ல நமக்கு வார்த்தை அகப்படவில்லை. மோட்சம், நரகம் என்று பொய் சொல்லுகிறவனைக் கண்டிக்கிற நாம், சாகிற மனிதனிடம் வேறொரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குத்தான் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறதே! தமக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியக் கூடாதென்று அவர் நடிக்க, அவருக்குத் தெரியக் கூடாதென்று வீட்டார் நடிக்க, ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்று மாலை மகனையும் மருமகளையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னோம். பெரியவர் மயங்கி விழவில்லை, மறுநாளே செத்துப்போகவுமில்லை. சிலேட்டை வாங்கி, கூட்டுறவுச் சங்கத்தில் வரவேண்டிய பாக்கியை எழுதினார். தறி யாருக்கு, வீடு யாருக்கு என்று எழுதினார். மகளுக்கும் சம பங்கு என்று எழுதினார். "எனக்குச் சடங்கு வேண்டாம், உங்கள் அம்மாவின் பூவையும் வளையலையும் தொடக் கூடாது" என்று எழுதினார். நாம் பொய்யையே சொல்லிக்கொண்டிருந்தால் இவ்வளவும் எழுதப்படாமலே போயிருக்கும்.

இனி வலியைப்பற்றிச் சொல்ல வேண்டும். நோயைக் குணப்படுத்த முடியாது என்றால் ஒன்றுமே செய்ய முடியாது என்று அர்த்தமில்லை. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர் இரவெல்லாம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு துடித்தார். "அனுபவித்துத் தீர்க்க வேண்டிய கர்மம்" என்றார்கள். அது கர்மமல்ல, மருந்து கொடுக்கப்படாத வலி.

இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, சாகப் போகிறவர்களுக்கென்றே 1967ல் ஒரு நிலையம் ஏற்படுத்தினார். அவர் கிறிஸ்துவ பக்தியுள்ளவர்தான். ஆனால் வலிக்கு ஜெபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மார்பின் என்ற மருந்தை, நோயாளி கதறும்வரை காத்திராமல், மணி பார்த்துத் தவறாமல் கொடுக்க வேண்டுமென்று காட்டினார்.

அந்த மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அபினிச் செடியோ நம் நாட்டிலேயே சர்க்கார் அனுமதியோடு பயிராகிறது. ஆனாலும் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் அதை வைத்துக்கொள்ளவே பயந்தன. விளைகிற நாட்டிலே நோயாளி துடித்தான். 2014ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. டாக்டர் அளவு பார்த்து வலிக்குக் கொடுக்கும்போது இது மனிதனைப் போதைக்காரனாக்கிவிடுவதில்லை, சாவைத் துரிதப்படுத்துவதுமில்லை. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள்.

பக்கத்திலிருக்கும் கேரளத்தைப் பாருங்கள். 1993ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னர் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, தங்கள் தெருவிலுள்ள நோயாளியைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008ல் அந்த சர்க்கார் இதற்கொரு கொள்கையே வகுத்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்பவரை வீட்டிலேயே வந்து பார்க்க ஏற்பாடு இருக்கிறது. இது நமக்குத் தெரியாமலே ஏழு மாதம் போய்விட்டது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டோம், நர்ஸம்மா வந்தார். புண்ணைக் கழுவ, நாற்றத்தைக் குறைக்க, குழாய் வழியே கஞ்சி கொடுக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தார். மாவட்ட ஆஸ்பத்திரியில் மார்பின் கிடைத்தது. அன்றிரவு பெரியவர் தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பதினோரு மாதமும் புண்ணைக் கழுவியது யார்? மருமகள். துணி துவைத்தது யார்? மருமகள். திண்ணையில் உட்கார்ந்து வந்தவர்களிடம் துக்கம் சொல்லிக்கொண்டிருந்தது யார்? ஆண்பிள்ளைகள்! பெண்ணுரிமை பேசுகிற நமது தோழரே ஏழு மாதம் அப்படித்தான் இருந்தார். நர்ஸம்மா வந்து, "பகலில் அவர்கள், ராத்திரி நீங்கள்" என்று முறை வைத்த பிறகுதான் அவர் தகப்பனாரின் புண்ணைக் கையால் தொட்டார். "அன்றுதான் எனக்குப் பயம் விட்டது" என்று நம்மிடம் சொன்னார். நோயாளியைத் தொடுவது பெண்பிள்ளை வேலை என்று எந்தப் பகுத்தறிவு சொல்லுகிறது?

மற்றொரு விஷயம். அம்மாவுக்குத் தெய்வ பக்தி உண்டு. ஒரு நாள் தூங்குகிற பெரியவர் நெற்றியில் விபூதி வைத்தார்கள். உடனிருந்த இளந்தோழர் ஒருவர் அதைத் துடைக்கப் போனார். பெரியவர் கண்ணைத் திறந்து வேண்டாமென்று கையசைத்தார். நமது சண்டை விபூதியை விற்றுப் பிழைக்கிறவனோடும், அதைக் காட்டி மருந்தைத் தடுக்கிறவனோடும்தான்; நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் நடுங்குகிற கையால் வைத்ததோடல்ல. அதனால் பெரியவரின் கொள்கை குறைந்துவிடவுமில்லை. மருந்துக் குப்பிக்குப் பதிலாக விபூதிப் பொட்டலம் வந்தால் மட்டும் எதிர்த்து நில்லுங்கள்.

நோயை மறைப்பதிலும் வெட்கப்படுவதிலும் பயனில்லை. பெரியார் அவர்கள் கடைசிக் காலத்தில் சிறுநீர்க் குழாயோடும் பாத்திரத்தோடும் மேடையேறிப் பேசினார்; 1973 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை பேசினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பரிகாரம் தேடிப் போகவில்லை. பிறருக்கு அந்தக் கதி வரக்கூடாதென்று பாடுபட்டு 1954ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். துக்கத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆகவே தோழர்களே! நோயாளி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், கேட்க இடம் கொடுங்கள். வலிக்கு மருந்து கிடைக்கும்வரை சர்க்கார் ஆஸ்பத்திரியை விடாதீர்கள். பணிவிடையை ஆணும் பெண்ணும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிழைக்க வழியில்லாத நிலையில் யந்திரங்களால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2018ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்க் கழகத் தோழர்களில் நாலு பேர் நர்ஸம்மாவிடம் பயிற்சி பெற்று, வாரத்தில் ஒரு நாள் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்வர வேண்டும். அதுவே பெரியவருக்குச் செய்யும் மரியாதை.

இதோ, முன் வரிசையில் அம்மா தலையில் பூவோடும் கையில் வளையலோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் சிலேட்டில் எழுதினது நடந்திருக்கிறது. அந்தச் சிலேட்டைப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். போகும்போது எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.