குதிரை முட்டை



ஒரு விலங்கை மற்றொன்றாகக் கருதி ஏமாறும் வேடிக்கைக் கதைகள் குழந்தைகளின் படநூல்களுக்கு மிகவும் ஏற்றவை. அத்தகைய கதையொன்று தமிழில் நெடுங்காலமாகவே இருக்கிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையில் வரும் குதிரை முட்டையைத்தான் சொல்லுகிறேன்.

குருவுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட சீடர்கள் மட்டியும் மடையனும் வழியில் பெரிய பூசணிக்காய்களைக் கண்டு, அவை குதிரை முட்டைகள் என்று நம்பி ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். தலைச்சுமையாக வந்த 'முட்டை' மரக்கிளை தட்டிப் புதரில் விழுந்து உடைந்தது. அங்கே பதுங்கியிருந்த முயல் வெருண்டு ஓடியது. "ஐயோ, குட்டி ஓடுகிறதே!" என்று இருவரும் முள்ளிலும் கல்லிலும் அதைத் துரத்தினார்கள்.

சீடர்கள் சிந்திக்கவில்லை என்று சொல்ல முடியாது. முட்டை உடைந்தால் குஞ்சு வெளிவர வேண்டும். முயலும் அந்த நேரத்தில்தான் வெளிவந்தது! முதற்படி ஒன்றுதான் பிழை. மற்றவையெல்லாம் ஒழுங்கான தருக்கம். இதனாலன்றோ சிரிப்பு வருகிறது?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சில பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொன்னேன். 1690இல் இங்குள்ள கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர் நம் ஊர்ப் பெயரையே தெக்னபட்டம் என்று திரித்து எழுதினார்கள். அது வேறு கதை. வாலைக் கண்டே மீனின் இனம் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். "முயலின் காதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

படம் வரைவோர் மனத்திற்கொள்ள வேண்டிய கேள்வி இது. சீடர்கள் எண்ணியபடி குதிரைக்குட்டியை வரைந்துவிட்டால் வேடிக்கை போயிற்று. முயலை முயலாகவே, நீண்ட காதுகளோடு வரைய வேண்டும். சொல் குதிரை என்னும். படம் முயல் என்னும். எழுத்தறியாத குழந்தையும் அப்போது சீடரைவிட அறிவாளி ஆகிவிடும். வானொலியில் இதைக் காட்ட இயலாதது என் குறை!

1822இல் பாபிங்டன் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். 1861இல் ஆல்பிரெட் கிரோகுவில் என்னும் ஓவியரின் படங்களோடு ஆங்கிலப் பதிப்பொன்றும் அங்கே வெளிவந்தது. உங்களுள் ஓவியம் பயில்வோர் தமிழ்ப் பிள்ளைகளுக்காக வரைந்து பாருங்கள்.

குருவின் முகத்தையும் மறவாதீர்கள். நடந்ததைக் கேட்ட அவர் வருந்தவில்லை. பிறந்தவுடனே இவ்வளவு விரைவாக ஓடும் குதிரையில் இந்தக் கிழவன் எப்படி ஏறுவேன், போனதே நல்லது என்று மகிழ்ந்தார்.