தலையில் பட்ட பந்து



சங்கராந்தி வந்தால் போதும். சித்தூரிலிருந்து திருப்பதி வரை அறுத்த வயலிலும் காய்ந்த ஏரியிலும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ரப்பர் பந்து என்றால் பயமில்லை. பந்தயம் என்று வந்தால் கார்க் பந்து வருகிறது. அது கல் மாதிரி இருக்கும். ஹெல்மெட் மட்டும் வருவதில்லை.

கை முறிந்தால் புத்தூர் கட்டு இருக்கிறது. மூளைக்கு அந்தக் கட்டு உதவாது.

1962ல் இந்திய அணியின் கேப்டன் நாரி கான்ட்ராக்டர். பார்படாஸ் தீவில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து பட்டு அவர் மண்டை ஓடு உடைந்தது. எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். உயிர் தப்பியது. பிறகு சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூரில் டாக்டர் சாண்டி அவர் தலையில் உலோகத் தகடு வைத்தார். அதை 2022ல்தான் எடுத்தார்கள். கான்ட்ராக்டர் மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை.

ராமன் லம்பாவின் கதை வேறு. 1998 பிப்ரவரி, டாக்கா நகரம். மட்டையாளருக்கு மிக அருகில் நின்றார். ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டார்கள். இன்னும் மூன்று பந்துதானே என்றாராம். அடித்த பந்து தலையில் பட்டது. எழுந்து, நடந்தே வெளியே போனார். மூன்றாம் நாள் இறந்தார். வயது 38.

நடந்து போனவர் எப்படி இறந்தார்? மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசியும். அது சேர்ந்து மூளையை அழுத்தும். முதலில் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை அண்ணா" என்று பையன் சொல்வான். அவன் சொல்வதை நம்பக் கூடாது. வாந்தி, தாங்காத தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சில் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் 108க்குச் சொல்ல வேண்டும். சூடு ஆற்றிப் பார்க்கலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது.

பெரிய ஆட்டத்தில் விதி மாறிவிட்டது. 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவருக்குப் பதில் அதே மாதிரி ஆடுகிற இன்னொருவர் முழுமையாக ஆடலாம். 2023 ஜூன் முதல் வேகப்பந்தை எதிர்கொள்பவருக்கும், அவருக்கு முன்னால் அருகே நிற்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இதில் சண்டையும் உண்டு. 2020ல் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவருக்குப் பதில் வந்த சஹல் 3 விக்கெட் எடுத்தார். இந்தியா ஜெயித்தது. ஆஸ்திரேலியர்களுக்குக் கோபம். யாராவது பொய் சொல்லி ஆள் மாற்றலாம், உண்மைதான். ஒரு பந்தயம் போனால் போகட்டும், மகன் போனால் வருவானா?

விவ் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட் போட்டாரா என்று சிலர் கேட்பார்கள். போடவில்லை. அவர் கண்ணும் கையும் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஊர்ப் பந்தயத்துக்கும் இந்த விதி வேண்டும். தலையில் அடிபட்டவன் அன்று திரும்ப ஆடக் கூடாது. அதை அவனோ கேப்டனோ முடிவு செய்யக் கூடாது, அம்பயர்தான் சொல்ல வேண்டும். பதில் ஆள் உண்டு என்றால் அணியும் அவனை ஒளிக்காது. ஹெல்மெட் ஆளுக்கு ஒன்று தேவையில்லை. மட்டை பிடிப்பவர் இரண்டு பேர், அருகே நிற்பவர் ஒருவர். பந்தயத்துக்கு மூன்று போதும். நுழைவுப் பணம் வாங்கும்போதே, கோப்பை வாங்குவதற்கு முன்னால், அந்த மூன்றுக்கும் பணம் எடுத்து வைக்கலாம்.