சக்கரும் சர்க்கரையும்



வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர், காய்கறி வாங்கவும் வண்டிக்கூலி பேசவும் வேண்டிய அளவுக்கு அவ்வூர் மொழியை ஓராண்டுக்குள் கற்றுக்கொண்டு விடுகின்றனர். அந்த அரைகுறைப் பயிற்சி நம்மைக் கைவிடும் இடம் ஒன்று உண்டு; அது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே பதற்றத்தில் நாம் சொல்லும் ஒரு சொல் பிற்பாடு எவ்வளவு தூரம் நம்மைத் துரத்தும் என்பதைச் சென்ற ஆண்டு நேரிற் கண்டேன்.

தில்லியில் எங்கள் அண்டை வீட்டுக்காரர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். ஓரிரவு நெஞ்சுவலி கண்டு அவரை மருத்துவமனையிற் சேர்த்தனர். இருதயத் தமனியில் அடைப்பு; ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயைப் பொருத்தி உயிரைக் காப்பாற்றி விட்டார்கள். ஐந்து இலட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீட்டுப் பாலிஸி இருந்தது. எடுத்து இரண்டாண்டு ஆகியிருந்தது. ஆகவே பணத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துக் கடிதம் அனுப்பிற்று. பாலிஸி எடுக்குமுன்பே அவருக்கு நீரிழிவு இருந்ததாம். அதை விண்ணப்பத்தில் மறைத்துவிட்டாராம்!

உண்மையில் நீரிழிவு தெரியவந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. பின் மூன்றாண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மருத்துவமனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் 'கே.சி.ஓ. டி.எம்., 3 ஆண்டு' என்று எழுதியிருந்தது. 'நீரிழிவு உள்ளவர் என முன்னரே அறியப்பட்டவர்' என்பது இதன் பொருள். அன்றிரவு தமிழ் சிறிது தெரிந்த மலையாளச் செவிலி ஒருவர் நல்லெண்ணத்துடன் துபாஷியாக நின்றிருக்கிறார். அந்த அம்மாள் என்னிடம், "அண்ணா, மூணு வருஷமா அவருக்குச் சக்கர் வருதுன்னுதானே சொன்னேன்?" என்று அழாத குறையாகக் கேட்டார். இந்தியில் சக்கர் என்றால் தலைச்சுற்றல். தில்லியில் பழகிய வாய் அச்சொல்லைத் தமிழோடு கலந்து பேசிற்று. கேட்ட செவி அதைச் சர்க்கரை என்று கொண்டது. இதில் யாரைக் குறை கூறுவது?

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். 1954-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் நிழலில் இருப்பதால், அதுவரை ஒரு மருத்துவப் பாலிஸியையேனும் முழுதாகப் படித்தவனல்லன். நண்பரின் பொருட்டுப் படித்தபோதுதான், அதிலுள்ள சொற்கள் அகராதிப் பொருளில் வழங்குவன அல்ல என்பதை உணர்ந்தேன்.

'முன்னிருந்த நோய்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் என்றோ ஒளிந்திருந்த நோயெல்லாம் இதில் அடங்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வகுத்த விதிப்படி, பாலிஸி தொடங்குவதற்கு முந்திய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அக்காலத்துள் மருத்துவரின் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய் என்பதே பொருள். அத்தகைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்காண்டு வரை இருந்தது, இப்போது மூன்றாண்டுக்கு மேல் கூடாது. இது முன்னிருந்த நோயை ஒளிக்காமல் சொன்னவருக்கு உள்ள சலுகை. சொல்லாமல் விட்டவருக்கோ பாலிஸியே ரத்தாகலாம். நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. "பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், அது ஒரு நோயா?" என்போம். முகவரும் தலையாட்டிக்கொண்டு 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு விடுவார். அந்தக் குறிக்குக் கையெழுத்திட்டவர் அவரல்லர், நாம்தான்.

'மொரட்டோரியம்' என்று மற்றொரு சொல். வங்கியில் இதற்குக் கடன் தவணையைத் தள்ளிவைத்தல் என்று பொருள். நானே பலமுறை அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன். காப்பீட்டில் பொருள் வேறு. இடைவிடாமல் 60 மாதங்கள் பிரிமியம் செலுத்தியவரிடம், 'நீ அன்று சொல்லவில்லை' என்று காரணங்காட்டிப் பணத்தை மறுக்க இயலாது; மோசடி மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே இயலும். 2024-க்கு முன் இது எட்டாண்டாக இருந்தது. என் நண்பருக்கோ இரண்டாண்டுதான் ஆகியிருந்தது.

நோய்ப் பெயர்களிலும் கண்ணிகள் உண்டு. 'அக்யூட்' என்பதைக் 'கடுமையான' என்று நாம் பெயர்க்கிறோம். 'குரானிக்' என்பதைக் கேட்டால் ஏதோ முற்றிய நோய் என்று நடுங்குகிறோம். திடீரெனத் தோன்றி, சிகிச்சையால் விரைவில் அடங்கக்கூடியது முன்னது. நெடுநாள் நீடித்துத் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டுவது பின்னது. கேடு எது மிகுதி என்பதை இச்சொற்கள் சொல்வதில்லை, காலத்தைத்தான் சொல்கின்றன. பாலிஸிக்கு வேண்டியதும் அந்தக் காலக்கணக்கே. 'எச்.டி.என்.' என்பது உயர் இரத்த அழுத்தம். அதன் பக்கத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதோ அதைக் கட்டாயம் பாருங்கள்.

நண்பரின் கதைக்கு வருகிறேன். பாலிஸிக்கு முந்திய ஆண்டில் அவருடைய அலுவலகம் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கை பழைய கோப்பு ஒன்றில் கிடைத்தது. சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. நீரிழிவைக் கண்டறிந்த மருத்துவரின் முதற்சீட்டும் தேதியுடன் இருந்தது. இவற்றைக் கண்ட மருத்துவமனை மருத்துவர் குறிப்பைத் திருத்திக் கடிதம் கொடுத்தார். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு அதை ஏற்றது. அங்கும் மறுத்திருந்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமுமில்லை, வக்கீலும் வேண்டா. பாலிஸி சென்னையில் எடுத்ததாயினும், நாம் இப்போது குடியிருக்கும் ஊருக்குரிய அலுவலகத்திலேயே முறையிடலாம்.

ஆயினும் முழுப்பணம் வரவில்லை. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று பாலிஸியில் வரம்பு இருந்தது. அவர் தங்கியதோ 10,000 ரூபாய் அறை. வித்தியாசமான 5,000 ரூபாயை நாள்தோறும் நாம் கொடுத்தால் தீர்ந்தது என்று அவர் எண்ணியிருந்தார். அப்படியன்று. பாதி வாடகைக்கே தகுதி என்றால், மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை ஆகியவற்றில் இக்கழிவு கூடாது என்று விதி இருப்பதால் பெரும்பகுதி தப்பிற்று. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைச் சொல்வார் எவருமில்லை. குளிர்சாதனம் இருக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம்.

பாலிஸியுடன் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என ஒன்று தரவேண்டும் என்பது விதி. காத்திருப்புக் காலம், வாடகை வரம்பு, நாம் பங்கிட்டுச் செலுத்தவேண்டிய தொகை எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டால் அதை வட்டார மொழியில் தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். தமிழில் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். பாலிஸி கைக்கு வந்தபின் 30 நாட்கள் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு, பிடிக்காவிடில் திருப்பிவிடலாம்.

அந்த அம்மாள் இப்போது ஒரு காகிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். கணவரின் நோய்கள், கண்டறிந்த தேதி, உட்கொள்ளும் மருந்து எல்லாம் ஒரு பக்கம் தமிழில். மறுபக்கம் ஆங்கிலத்திலும் இந்தியிலும். இந்திப் பகுதியை நான்தான் எழுதிக்கொடுத்தேன். சக்கர் என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு இட்டிருக்கிறார்.