வரி நீதிமன்றத்தில் ஒரு வாழ்நாள்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீதிபதி என்றதும் கொலை வழக்கிலே தீர்ப்புக் கூறும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். கணக்கேடுகளுக்கும் பற்றுச்சீட்டுகளுக்கும் நடுவே காலங்கழித்த ஒருவரைப் பற்றிப் பேச என்ன உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

ஹவார்ட் டோசன் 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில், ஒக்கலோனா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்திற் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் 1946இலும், ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1949இலும் பட்டம் பெற்றார். இறைவரிச் சேவையின் சட்டப் பிரிவிற் பணியாற்றிய அவரை, 1962இல் ஜனாதிபதி கெனடி வரி நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். மூன்று தவணைகள் பிரதம நீதிபதியாக இருந்தார். 1985இல் ஓய்வுபெற்ற பின்னரும் மீண்டும் அழைக்கப்பெற்று, முதுமையிலும் வழக்குகளைக் கவனித்தார். 2016இல் மறைந்த அவரே அந்நீதிமன்றத்தில் மிக நீண்டகாலம் பணியாற்றியவர்.

இந்நீதிமன்றத்தின் பெருமை யாது? அரசாங்கம் கேட்கும் மேலதிக வரி தவறு என்று கருதுபவர், ஏனைய நீதிமன்றங்களுக்குச் செல்வதானால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டே அதைத் திருப்பிக் கேட்கவேண்டும். பணமில்லாதவன் என்ன செய்வான்? வரி நீதிமன்றத்திலோ, அறிவித்தல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனுச் செய்தால், கட்டுமுன்னரே வழக்காடலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டம் சிறு தொகை வழக்குகளுக்கு எளிய முறையொன்றையும் வகுத்தது. ஆரம்பத்தில் 1,000 டொலராக இருந்த எல்லை இன்று 50,000 டொலராகும். வழக்கறிஞர் இல்லாமலே தோன்றலாம்; ஆனால் அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. வாஷிங்டனிலுள்ள நீதிபதிகளே பல நகரங்களுக்குச் சென்று விசாரிக்கின்றனர். நீதியைத் தேடி ஏழை அலையாமல், நீதி அவனைத் தேடிச் செல்கின்றது.

ஆனால், அன்பர்களே, புகழை மட்டும் கூறி அமர்வது நேர்மையாகாது. 1999இல் ஒரு பெரிய வழக்கின் தீர்ப்பு டோசன் பெயரில் வெளியாயிற்று. சாட்சிகளை நேரிற் கேட்டவர் வேறொரு விசேட விசாரணை நீதிபதி. அவருடைய அறிக்கையை ஏற்பதாகவே தீர்ப்புக் கூறியது. அவர் முதலில் எழுதியதைக் காட்டுங்கள் என்று வழக்காளிகள் கேட்டனர், நீதிமன்றம் மறுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றம், ஏழு பேருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அவ்வாறு மறைத்துவைக்க அந்நீதிமன்றத்தின் விதிகளில் இடமில்லை எனத் தீர்த்தது. அறிக்கை வெளிவந்தபோது, நேரிற் கேட்டவர் மோசடி இல்லை என்று எழுதியிருந்தமை தெரிந்தது. வெளியான தீர்ப்போ மோசடி உண்டு என்றது!

அறிக்கையை மறைத்தல் டோசன் ஒருவரின் செயலன்று. நீதிமன்றத்தின் வழக்கமே அது. ஆயினும் தீர்ப்பின் அடியில் நின்றது அவர் பெயர். நீண்ட அனுபவமும் நற்பெயரும் உடையவர் இருக்குமிடத்திலும் கதவு திறந்திருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது. துலாக்கோல் செம்மையானதாயின், அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பதில் அச்சமென்ன?

2020ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நீதிமன்றம் புதிய கணினி முறையொன்றைத் தொடங்கியது. வரி செலுத்துவோர் வீட்டிலிருந்தே மனுச் செய்யலாம். தம் வழக்கின் ஆவணங்களைப் பார்க்கலாம். தீர்ப்புகளை எவரும் தேடிப் படிக்கலாம். அம்முறைக்கு இட்ட பெயர் ‘டோசன்’. மூடிய ஏடொன்றினால் ஒருகாலத்திற் கேள்விக்குள்ளான பெயர், இன்று ஏடுகளைத் திறக்கும் வாயிலில் நிற்கின்றது.

தோழர்களே, நம்முள் சிலர் நாளை கந்தோர்களில் அமர்வோம். சிலர் சங்கத்தின் கணக்கையே எழுதுவோம். கேட்பவர் எவராயினும், ஏட்டைத் திறந்து காட்டும் துணிவு நமக்கு வேண்டும். அதுவே இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.