கண்ணாடி மாற்றியும் தெளியாத கண்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் அறக்கட்டளை செய்த ஒரு தவறுதான் அதற்குக் காரணம். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் மனுக் கொடுத்தார். டிப்ளமோ படிக்கும் மகனின் இரு கண்களுக்கும் லென்ஸ் வாங்க உதவி வேண்டும் என்பது மனு. “கண்ணாடி இருக்கும்போது லென்ஸ் எதற்கு? அது அழகுக்குப் போடுவது. ஜகாத் பணத்தை அதற்கு எப்படிக் கொடுப்பது?” என்று கமிட்டியில் கேள்வி வந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. “இயலாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

அதே பையனுக்கு அதற்கு முன் மூன்று முறை கண்ணாடிக்கு உதவியிருக்கிறோம். மூன்று சீட்டிலும் பவர் வேறு வேறு. அதை நாங்கள் கவனிக்கவில்லை. பையன் படிப்பை நிறுத்திவிட்டு மாமா கடையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அந்தக் கடைக்குப் போனேன். பில்லை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தான். “என்னப்பா இது?” என்றேன். “கண்ணாடி போட்டாலும் ஒரு எழுத்து மூணாத் தெரியுது காக்கா” என்றான். அந்த வாரமே அவனை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது.

இந்த நோய்க்குப் பெயர் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்னே புடைக்கிறது. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, முப்பது வயதைத் தாண்டியும் கூடலாம். கருவிழியின் மேற்பரப்பு மேடுபள்ளமாகி விடுவதால், மூக்குக் கண்ணாடியால் ஓரளவுக்கு மேல் சரிசெய்ய முடியாது. ஒரே பொருள் பலவாகத் தெரியும். இரவில் வண்டி விளக்குகள் சிதறித் தெரியும். சிலிண்டர் பவர் அடிக்கடி மாறும்.

அலர்ஜியால் கண் அரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. நம்மிடையே அந்த வழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

மருத்துவர் எங்களுக்கு முதலில் சொன்னது இதுதான்: நோயை நிறுத்துவது வேறு, பார்வையைத் தெளிவாக்குவது வேறு. கருவிழியின் வடிவத்தைப் படமெடுக்கும் டோபோகிராஃபி ஸ்கேன் மூலம் நோய் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். கூடுகிறது என்றால் சி3ஆர் எனப்படும் சிகிச்சை. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உருவானது. ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தை விட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியை உறுதிப்படுத்துவார்கள். நோய் மேலும் கூடாமல் தடுப்பதே இதன் நோக்கம். இழந்த பார்வை இதனால் முழுமையாகத் திரும்பிவிடாது. பார்வைக்கு லென்ஸ் வேண்டும். லென்ஸோ நோயை நிறுத்தாது. ஆகவே ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

இது கடையில் பவர் சொல்லி வாங்கும் மென்மையான லென்ஸ் அல்ல. ஆர்ஜிபி என்ற கெட்டியான, காற்றுப் புகும் லென்ஸ் ஒரு வகை. கூம்பிய கருவிழிக்கென்றே நியூசிலாந்தின் பால் ரோஸ் வடிவமைத்த ரோஸ் கே இன்னொன்று. இவை உறுத்தினாலோ நிற்காமல் நழுவினாலோ ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது. அது பெரியது. கருவிழியைத் தொடாமல், வெள்ளை விழியின்மேல் அமரும். இடையில் சலைன் நீர் நிற்கும். அந்த நீர்தான் மேடுபள்ளத்தை நிரவி, பார்வையைத் தெளிவாக்குகிறது.

அழகுக்குப் போடுவது என்றோமே, அது எவ்வளவு தவறு! 1888-ல் சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணில் வைக்கும் லென்ஸைப் பற்றி எழுதியபோதே, கருவிழி கூம்பியவர்களுக்கு அது உதவும் என்று கருதினார். அழகுக்கு லென்ஸ் என்பது பிற்காலத்தில் வந்தது.

லென்ஸைப் பொருத்துவது ஒரே நாளில் முடியாது. மாதிரி லென்ஸைப் போட்டு, சிறிது நேரம் உட்கார வைத்து, சாயம் விட்டு எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறார்கள். அளவெடுத்துச் செய்து வந்த பிறகும் மாற்றம் தேவைப்படலாம். எங்கள் பையனுக்கு இடது கண் லென்ஸை ஒருமுறை மாற்றினார்கள். ஆகவே வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா? மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? சலைன், சுத்திகரிக்கும் திரவம் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும்? மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்று லென்ஸ் பிரிவுகள் உள்ளன.

இனி, நம் வீடுகளுக்கான சில விஷயங்கள். அந்தப் பையன் ஒவ்வொரு உளூவுக்கும் லென்ஸைக் கழற்றி, பள்ளிவாசல் ஹவுளுத் தண்ணீரில் கழுவிப் போட்டிருக்கிறான். நல்லவேளை, முதல் வாரத்திலேயே தெரிந்தது. குழாய்த் தண்ணீரோ, ஹவுளுத் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. அதிலுள்ள அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கண்ணையே கெடுத்துவிடும். உளூவில் முகத்தின் வெளிப்புறத்தைக் கழுவுவதுதான் கடமை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையல்ல. கடமையான குளிப்பிலும் அப்படித்தான். ஆகவே உளூவுக்காக லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கழுவுங்கள். குளிப்பதென்றால் லென்ஸைக் கழற்றிவிட்டுக் குளிப்பதே நல்லது. நோன்பு வைத்துக்கொண்டு கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். ரமலானில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அத்தர் தடவிய விரலால் லென்ஸைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தொடுங்கள். லென்ஸ் போடுபவர்கள் கண்ணுக்குள் சுருமா இட வேண்டாம். தூங்குமுன் கழற்றிவிடுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “பெண்பிள்ளைக்குக் கண் நோய் என்று தெரிந்தால் வரன் வராது” என்று மறைக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்று லேசர் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறவர்களும் உண்டு. மெலிந்த கருவிழியை லேசரால் மேலும் மெலிய வைத்தால் நிலைமை மோசமாகும். மறைத்து வைக்கும் ஒவ்வொரு வருடமும் நோய் வளரும் வருடம். அந்தப் பையனின் தங்கையையும் பரிசோதித்தோம். அவளுக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது. நேரத்தில் சி3ஆர் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவள் சாதாரணக் கண்ணாடியோடு பிளஸ் டூ படிக்கிறாள்.

பையன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். இழந்தது இரண்டு வருடம். மருத்துவச் சீட்டைப் படித்துப் பார்க்காமல் நான் போட்ட கையெழுத்துக்கும் அதில் பங்குண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக. அவனிடமும் அவன் உம்மாவிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இனி மருத்துவர் எழுதித் தரும் லென்ஸ், நம் மனுப் பட்டியலில் மருத்துவ உதவியாகவே சேரும். ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை கண்ணாடி மனு வந்தால் பழைய சீட்டையும் சேர்த்துப் பார்ப்போம். பவர் மாறியிருந்தால் ஸ்கேனுக்கான செலவை அறக்கட்டளை ஏற்கும். இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டில் கண்ணைக் கசக்கும் பிள்ளை இருந்தால், பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள்.